பெயர் எழுதாத தாள்

அந்தத் தாளின் கடைசிக் கேள்விக்குக் கீழே ஐந்து கோடுகள் விட்டிருந்தேன். பெரும்பாலானவர்கள் அந்த இடத்தை வெறுமையாகவே விட்டிருந்தார்கள். சிலர் மலாயிலோ ஆங்கிலத்திலோ ஒரு வரி எழுதியிருந்தார்கள். அந்த ஒரு தாளில் மட்டும் ஐந்து கோடுகளும் நிரம்பி, ஓரத்திலும் எழுத்து ஏறியிருந்தது. பச்சை மை. தமிழ். மெய்யெழுத்துகளின் தலையில் புள்ளிக்குப் பதிலாகக் கடுகளவு வட்டங்கள். அந்த வட்டங்களை மூன்று வருடங்களாகப் பார்த்து வந்தவள் நான். எங்கள் அறைக் கதவில் ஒட்டியிருந்த கூட்டிப் பெருக்கும் முறைப்பட்டியலில் அவை இருந்தன. எனக்குக் காய்ச்சல் கண்ட நாட்களில் 'கஞ்சி ஃபிளாஸ்க்ல இருக்கு, குடி' என்று மேசைமேல் வைத்துப்போன சீட்டுகளில் இருந்தன. அதனால் ஒரு சொல்லைக்கூடப் படிப்பதற்கு முன்பே அது யாருடைய தாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த இடத்திலேயே அதைக் கவிழ்த்து வைத்திருக்க வேண்டும். நான் வைக்கவில்லை.

அப்போது நான் ஈப்போவிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரத் தொலைவிலிருந்த ஒரு பல்கலைக்கழகத்தில் சமூகவியல் இறுதி ஆண்டு மாணவி. எங்களோடு படிக்கும் இந்திய மாணவர்கள் மதத்தையும் கடவுள் நம்பிக்கையையும் எப்படிப் பார்க்கிறார்கள் என்பதை ஆய்வேட்டுக்குத் தலைப்பாக எடுத்திருந்தேன். ஏன் இந்தத் தலைப்பு என்று மேற்பார்வையாளர் கேட்டபோது, இதைப் பற்றி யாரும் வெளிப்படையாகப் பேசுவதில்லை என்றேன். அது பாதி உண்மை. மீதிப் பாதியை அவரிடம் சொல்லவில்லை. எனக்கு நம்பிக்கை போய் ஐந்து வருடங்கள் ஆகியிருந்தன. அதை வீட்டில் யாருக்கும் தெரியாமல் வைத்திருந்தேன். என்னைப் போல இன்னும் யாராவது இருக்கிறார்களா என்று தெரிந்துகொள்வதுதான் என்னுடைய உண்மையான கேள்வி.

என் பெற்றோர் சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர்த் தோட்டமொன்றில் பிறந்தவர்கள். ரப்பர் போய் எண்ணெய் எடுக்கும் செம்பனை வந்து, பிறகு நிலத்தில் ஒரு பகுதி வீடமைப்புக்கும் போனபோது, நாங்கள் ஈப்போவை ஒட்டிய ஜெலாப்பாங்கில் ஓர் அடுக்குமாடி வீட்டுக்கு வந்தோம். அப்பாவுக்குத் தொழிற்சாலை ஒன்றில் காவல் வேலை. அம்மா இன்னொரு தொழிற்சாலையில் கையுறைகளைப் பெட்டியில் அடுக்கினார். அக்காவுக்குப் பதினேழு வயதில் சிறுநீரகக் கோளாறு கண்டது. அம்மா வேண்டிக்கொண்டு மூன்று தைப்பூசங்களுக்குப் பால்குடம் எடுத்தார். வெறுங்காலில் தார் ரோட்டில் நடந்து கொப்புளம் கண்ட பாதங்களோடு மறுநாள் வேலைக்குப் போனார். மூன்றாவது தைப்பூசம் முடிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, அக்கா போய்விட்டாள். கடவுள்மேல் கோபம் கொண்டுதான் நான் நம்பிக்கையை விட்டேன் என்று பிற்காலத்தில் சிலர் நினைத்தார்கள். அப்படியில்லை. கோபப்படலாம் என்று தேடிப் பார்த்தபோது அங்கே ஆள் இல்லை என்று தோன்றியது, அவ்வளவுதான்.

என் அறைத்தோழி பாகான் செராய்க்காரி. நெல்வயல்களுக்கு நடுவேயுள்ள அந்த ஊரில், மோட்டார் சைக்கிள் பட்டறை ஒன்றின் மேல்மாடியில் அவளுடைய அப்பா ஒரு சிறிய சபையை நடத்தி வந்தார். முப்பது குடும்பங்கள் இருக்கும். அவர் முன்பு லோரி ஓட்டியவர். மகளுக்கு ஆறு வயதில் மூளைக்காய்ச்சல் கண்டு மருத்துவர்கள் கைவிரித்துவிட்டபோது, மருத்துவமனைப் படிக்கட்டிலேயே முழங்கால் போட்டு ஜெபித்திருக்கிறார். இவளைத் திருப்பித் தந்தால் என்னை உமக்குத் தந்துவிடுகிறேன் என்பதுதான் ஜெபம். மூன்றாம் நாள் அவள் கண் விழித்துத் தண்ணீர் கேட்டாள். அந்த வாரமே அவர் லோரிச் சாவியை முதலாளியிடம் கொடுத்துவிட்டு ஊழியத்துக்கு வந்துவிட்டார். இந்தக் கதையை அவர் தம் சபையிலும், அழைக்கப்பட்ட ஊர்களின் கூட்டங்களிலும் சொல்வார். சொல்லும்போது அவளைப் பக்கத்தில் நிறுத்திக்கொள்வார். கடவுள் தமக்குச் செய்ததை நாலு பேர் முன் எடுத்துச் சொல்வதற்குச் சபையார் மொழியில் 'சாட்சி' என்று பெயர். பழகிய முதல் வாரத்திலேயே அவள் இதை என்னிடம் சொன்னாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

"எங்க சபைக்கு நான்தான் போஸ்டர் லா. வளந்தப்புறம்கூட இறக்க மாட்டேங்கிறாங்க."

அவள் நன்றாகப் பாடுவாள். பல்கலைக்கழகக் கிறிஸ்தவ மாணவர் குழுவில் வாரந்தோறும் அவள்தான் பாட்டை எடுத்துக் கொடுப்பாள். ஒரு தடவை அழைத்தாளே என்று போயிருந்தேன். அவள் பாடும்போது பக்கத்திலிருந்த பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். இவளுடைய நம்பிக்கை கல்லில் கட்டியது என்று அன்று நினைத்துக்கொண்டேன்.

எங்களுக்குள் மதத்தால் ஒரு சிறு உரசல்கூட வந்ததில்லை. விடுதிக்கு வந்த முதல் நாள் அம்மா என் பைக்குள் மாரியம்மன் படம் ஒன்றை வைத்து அனுப்பியிருந்தார். நான் அதை இழுப்பறையில் சட்டைகளுக்கு அடியில் போட்டு மூடிவிட்டேன். இரண்டாவது பருவத்தில் ஏதோ தேடும்போது அவள் கண்ணில் அது பட்டது. எடுத்துத் தூசி துடைத்து என் புத்தகங்களின்மேல் சாய்த்து வைத்தாள். நான் கும்பிடுவதில்லை என்று சொன்னேன். அவள் தோளைக் குலுக்கினாள். "நீ கும்பிடாட்டி போ. அம்மா கொடுத்தது, சட்டைக்கு அடியிலயா வைப்பாங்க?" அதற்குப் பிறகு படம் மேசைமேலேயே இருந்தது. அம்மா என்னைப் பார்க்க வந்த நாளில் அதைப் பார்த்து மனம் நிறைந்து போனார். அந்த நிறைவை அம்மாவுக்குக் கொடுத்தது போதகர் மகள்தான் என்று நான் சொல்லவில்லை.

கேள்வித்தாளை நான் மலாயிலும் ஆங்கிலத்திலும் தயாரித்தேன். வாக்கியத்துக்கு எதிரே ஐந்து கட்டங்கள். முழுவதும் ஒப்புக்கொள்வதிலிருந்து முழுவதும் மறுப்பது வரை. மேற்பார்வையாளர் அதைப் படித்துவிட்டு, கட்டங்களுக்குள் எல்லாம் அடங்காது, கடைசியில் ஒரு கேள்வியைத் திறந்து விடு என்றார். நம்பிக்கை பற்றி நீங்கள் யாரிடமும் சொல்லாத ஒன்று இருந்தால் எந்த மொழியிலும் எழுதலாம் என்று சேர்த்தேன். முதல் பக்கத்தில் தடித்த எழுத்தில் ஓர் உறுதிமொழி: பெயர் எழுத வேண்டாம், நீங்கள் யார் என்று யாருக்கும் தெரியாது. நிரப்பிய தாள்களைப் போட ஒரு பிஸ்கட் டின்னை எடுத்துக்கொண்டோம். மூடியில் பிளவு வெட்டியது அவள்தான். விரலில் கீறி ரத்தம் வந்ததைச் சப்பிக்கொண்டே, "பார்த்தியா, உன் தீசிஸுக்கு ரத்தமே சிந்திட்டேன்" என்றாள். தன் குழுவில் தாள்களைக் கொண்டுபோய்க் கொடுத்ததும், பயப்படாமல் உண்மையை எழுதுங்கள் என்று அவர்களிடம் சொன்னதும் அவளேதான்.

டின் நிறைந்தது. எழுதியவர்களின் அடையாளம் தெரியாதபடி கொஞ்சம் மாற்றித்தான் சொல்கிறேன். ஆண்டு தவறாமல் காவடி எடுக்கும் ஒருவன், கடவுள் உண்டு என்ற வரிக்கு எதிரே நடுவிலிருந்த 'தெரியாது' கட்டத்தைக் குறித்திருந்தான். கடைசிக் கோட்டில், காவடி கட்டும் அன்று மட்டும்தான் அப்பா என்னைத் தொட்டுப் பேசுவார் என்று எழுதியிருந்தான். சீனப் பள்ளியில் படித்த ஒருத்தி, தமிழ் காதில் விழும் ஒரே இடம் கோயில், அதற்காகவே போகிறேன் என்றிருந்தாள். பரீட்சை வாரத்தில் மட்டும் விரதம் இருப்பதாக ஒப்புக்கொண்டவர்கள் பலர். எனக்கு நம்பிக்கை இருக்கிறது, அதை ஒரு பிரச்சினை போலக் கேட்காதீர்கள் என்று ஒருவர் கண்டித்திருந்தார். கோயிலுக்குப் போகிறவர்கள் நம்புகிறவர்கள், போகாதவர்கள் நம்பாதவர்கள் என்று நான் மனத்துக்குள் போட்டு வைத்திருந்த கோடு முதல் நாளிலேயே அழிந்துபோனது.

பிறகு அந்தப் பச்சை மைத் தாள் வந்தது. அவள் எழுதிய வரிகளை இங்கே தரப்போவதில்லை. பொருளை மட்டும் சொல்லலாம் என்று அவள் அனுமதித்திருக்கிறாள். ஜெபம் அவளிடம் நின்றுபோய் இரண்டு வருடங்கள் ஆகியிருந்தன. பாட மட்டும் செய்கிறாள். கேட்பவர்கள் அழுகிறார்கள், அவளுக்கு அழுகை வருவதில்லை. ஆறு வயதில் பிழைத்த தன்னைப் பற்றி யாரோ ஒரு பிள்ளையின் கதையைக் கேட்பது போலத்தான் அவள் கேட்டுக்கொண்டிருக்கிறாள். இதை அப்பாவிடம் சொல்ல முடியாது, ஏனென்றால் அப்பாவின் சாட்சியே அவள்தான்.

படித்து முடித்ததும் என் மனத்தில் முதலில் வந்தது இரக்கமில்லை. சந்தோஷம். வெட்கத்தோடுதான் இதை எழுதுகிறேன். இவ்வளவு நாளும் நான் தனியாக இருப்பதாக நினைத்திருந்தேன். இரண்டடி தூரத்தில் படுத்திருந்தவள் என் கூட்டாளியாக இருந்திருக்கிறாள். வேண்டுதலுக்குப் பிறகும் பிழைக்காதவளின் தங்கைக்கும் நம்பிக்கை போயிருந்தது. வேண்டுதலால் பிழைத்தவளுக்கும் போயிருந்தது. அவளிடம் நேரே போய்க் கேட்டிருக்கலாம். அதற்குப் பதிலாக நான் அவளைச் சுற்றிச் சுற்றி வந்தேன். தோசைக் கடையில் உட்கார்ந்திருக்கும்போது, "ஜெபம் பண்ணாம இருந்தா என்ன ஆகும்?" என்று சாதாரணமாகக் கேட்பது போலக் கேட்பேன். அவள் சட்னியைத் தொட்டுக்கொண்டே, "தோசை ஆறிப்போகும்" என்பாள். நாலைந்து தடவை முயன்று பார்த்தேன். வாய்திறக்கவில்லை. தாளுக்குச் சொன்னதை எனக்குச் சொல்லவில்லையே என்று எனக்குள் ஒரு குறை உருவாகிவிட்டது. பிறகு நடந்ததற்கு அந்தக் குறையும் ஒரு காரணம் என்று இப்போது நினைக்கிறேன்.

ஆய்வை விளக்கும் நாள் வந்தது. முன்வரிசையில் மூன்று விரிவுரையாளர்கள். அவர்களில் ஒருவருக்கும் தமிழ் தெரியாது. பின்னால் மாணவர்கள். மூன்றாவது வரிசை ஓரத்தில் அவள், என்னைப் படம் எடுப்பதற்காகக் கைபேசியோடு உட்கார்ந்திருந்தாள். திறந்த கேள்விக்கு வந்த பதில்களில் சிலவற்றை மலாயில் மொழிபெயர்த்து வைத்திருந்தேன். அதோடு நிறுத்தியிருந்தால் யாருக்கும் ஒன்றும் தெரிந்திருக்காது. ஆனால் அவளுடைய பதிலுக்கு வந்தபோது, தமிழ் மூலத்தையே முதலில் வாசித்தேன். அதற்கு எந்தத் தேவையும் இல்லை. அவள் எழுதியிருந்தது அவ்வளவு நன்றாக இருந்தது. அரங்கம் அமைதியாவதை நான் பார்க்க விரும்பினேன். அமைதியாகவும் ஆனது. போதகர் என்ற சொல்லை நீக்கியிருந்தேன். சாட்சி என்ற சொல்லை நீக்கத் தோன்றவில்லை.

வாசிக்கும்போது ஒரு கணம் நிமிர்ந்தேன். அவள் கைபேசியை மடியில் இறக்கியிருந்தாள். என்னைப் பார்க்கவில்லை, எனக்குப் பின்னால் இருந்த திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு முந்தைய வரிசையில் கிறிஸ்தவ மாணவர் குழுத் தலைவர் உட்கார்ந்திருந்தார். பாரிட் புந்தார்க்காரர், அவளுடைய அப்பா பேசிய கூட்டங்களில் கலந்துகொண்டவர். அவர் மெல்லத் திரும்பி அவளைப் பார்த்தார். நான் அடுத்த பக்கத்துக்குப் போனேன். வேறென்ன செய்வதென்று தெரியவில்லை. கடைசியில் எல்லாரும் கைதட்டினார்கள். சிறந்த விளக்கம் என்று மேற்பார்வையாளர் பாராட்டினார்.

அறைக்குத் திரும்பியபோது அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நான் கட்டிலில் உட்கார்ந்தேன். அவள்தான் முதலில் பேசினாள். குரல் உயரவில்லை.

"என் கையெழுத்துன்னு எப்ப தெரிஞ்சுது உனக்கு?"

"டின்னைத் திறந்த அன்னிக்கே."

"அப்பவே எங்கிட்ட வந்து கேட்டிருக்கலாம்லா. ஒரே ரூம்லதானே இருக்கோம்."

"நான் உன் பேர் சொல்லல."

அவள் மடித்துக்கொண்டிருந்த சட்டையை அப்படியே மடியில் வைத்தாள். "நீ பேர் சொல்லல. நான் பேசுற மாதிரியே வாசிச்சே. எங்கெங்க நிறுத்துவேனோ அங்கங்க நிறுத்தினே. மூணு வருஷமா கேட்டு வெச்ச குரல்தானே." எழுந்து போகும்போது, "உன்கிட்ட சொல்லலாம்னு பல தடவை நெனச்சேன். நீ ரொம்ப சந்தோஷப்படுவேன்னுதான் சொல்லல" என்றாள்.

குழுத் தலைவர் கெட்ட எண்ணத்தோடு எதையும் செய்யவில்லை. சகோதரிக்காக ஜெபியுங்கள் என்று அவளுடைய அப்பாவுக்குப் போன் செய்திருக்கிறார். அடுத்த சனிக்கிழமை காலை போதகர் ஒரு பழைய வேனில் விடுதி வாசலுக்கு வந்து சேர்ந்தார். அவள் நூலகத்துக்குப் போயிருந்தாள், கைபேசியை அணைத்து வைத்திருந்தாள். காவலாளி அறைக்குத் தகவல் சொல்ல, நான் இறங்கிப் போனேன். மேடையில் நிற்கும் ஒரு பெரிய மனிதரை எதிர்பார்த்திருந்தேன். வந்திருந்தவர் குள்ளமாக, முழுக்கைச் சட்டையின் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு, கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார். உணவுக்கூடத்தில் உட்கார வைத்துத் தேநீர் வாங்கிக் கொடுத்தேன். அவர் குடிக்கவில்லை.

"நீங்கதானே அம்மா அந்த ஆராய்ச்சி செஞ்சது?" என்றார். நான் தலையாட்டினேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். "அவ எழுதினதை நான் ஒரு தடவை வாசிக்கலாமா?"

தாள் என் பையில்தான் இருந்தது. அரங்கத்தில் முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் வாசித்துக் காட்டியதை, பெற்றவருக்குக் காட்ட ஏன் அவ்வளவு தயங்கினேன் என்று எனக்கே விளங்கவில்லை. "அது பேர் இல்லாத தாள், பாஸ்டர். எழுதினது யாருன்னு யாருக்கும் தெரியாதுன்னு சொல்லித்தான் வாங்கினேன்" என்றேன். சொல்லும்போதே முகம் சுட்டது. ஒரு வாரம் பிந்திக் காப்பாற்றிய வாக்கு.

அவர் வற்புறுத்தவில்லை. "சரிதான்" என்றார். பிறகு மேசையைப் பார்த்துக்கொண்டே, "அதுல என்மேல கோபம் இருக்காம்மா?" என்று கேட்டார்.

"இல்ல, பாஸ்டர். உங்களை நோகடிக்கக் கூடாதுன்னுதான் இருக்கு."

அவர் தேநீர்க் கோப்பையை ஓரமாக நகர்த்தினார். எங்களைச் சுற்றிப் பிள்ளைகள் நாசி லெமாக் பொட்டலங்களைப் பிரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். "பதினாறு வருஷமா அந்தச் சாட்சியைச் சொல்றேன். ஒரு தடவைகூட அவகிட்ட 'சொல்லட்டுமா'ன்னு கேட்டதில்ல" என்றார். அப்போது அவள் வாசலில் வந்து நின்றாள். அவர் எழுந்தார். அவள் அவரிடம் வந்து, ஆறிப்போன தேநீரைப் பார்த்து, "வாங்கப்பா, வெளிய போலாம்" என்றாள். இருவரும் வேனில் ஏறிப் போனார்கள். அன்று அவர்கள் என்ன பேசிக்கொண்டார்கள் என்று எனக்கு இதுவரை தெரியாது.

அடுத்த வாரம் அவள் வேறு அறைக்கு மாறினாள். சண்டையில்லை. கூட்டிப் பெருக்கும் முறைப்பட்டியலைக் கிழித்துவிட்டு, கதவில் ஒட்டியிருந்த பசையைக்கூடச் சுரண்டித் துடைத்துவிட்டுப் போனாள். எதிரில் பார்த்தால் தலையசைப்பாள். மாணவர் குழுவில் பாட்டை வேறொருத்தி எடுத்துக் கொடுக்கத் தொடங்கினாள். ஆய்வேட்டை அச்சுக்குக் கொடுக்குமுன் அவளுடைய பதிலை அதிலிருந்து நீக்கிவிட்டேன். மேற்பார்வையாளர் வருத்தப்பட்டார், அதுதானே மிகச் சிறந்த பகுதி என்றார். காரணத்தைச் சொன்னேன். "அவளிடம் மன்னிப்புக் கேட்டாயா?" என்றார். கேட்கவில்லை. கேட்கத் தைரியம் வரவில்லை.

அந்த விடுமுறையில் ஜெலாப்பாங்குக்குப் போனபோது அம்மா வெள்ளிக்கிழமைக் கோயிலுக்கு என்னைத் துணைக்கு அழைத்தார். வழக்கமாக வெளியிலேயே நின்றுவிடுவேன். அன்று மழை, உள்ளே போய் அம்மாவின் பக்கத்தில் நின்றேன். குருக்கள் அர்ச்சனைத் தட்டை வாங்கிக்கொண்டு பெயர், நட்சத்திரம் கேட்டார். அம்மா அப்பாவின் பெயரைச் சொன்னார், என் பெயரைச் சொன்னார், பிறகு சற்றும் தயங்காமல் அக்காவின் பெயரையும் நட்சத்திரத்தையும் சொன்னார். குருக்கள் புதியவர், அவருக்குத் தெரியாது. உயிரோடு இருப்பவர்களின் பெயர்களோடு சேர்த்து அக்காவின் பெயரையும் மந்திரத்தில் கோத்துச் சொன்னார். அம்மா கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். எத்தனை வெள்ளிக்கிழமைகளாக இது நடக்கிறதோ. சில வருடங்களுக்கு முன், அக்காவே இல்லை, இன்னும் யாருக்காகக் கோயிலுக்குப் போகிறீர்கள் என்று அம்மாவை நான் கேட்டிருக்கிறேன். அப்போது அவர் பதில் சொல்லவில்லை.

திரும்பி வரும் வழியில் அதைப் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை. என் ஐந்து கட்டங்களில் அம்மாவை எந்தக் கட்டத்தில் வைப்பது என்று ஒரு கணம் நினைத்துப் பார்த்தேன். உடனே எனக்கே அருவருப்பாக இருந்தது. இதை ஓர் அரங்கத்தில் யாராவது எழுந்து வாசித்தால் எனக்கு எப்படி இருக்கும் என்று தோன்றியது. அறைத்தோழிக்கு நான் செய்தது என்னவென்று அந்த மழையில் குடைக்குள் நடந்தபோதுதான் எனக்கு முழுதாகப் புரிந்தது.

படிப்பு முடிந்து எல்லாரும் பிரிந்தோம். நான் ஈப்போவில் ஒரு தனியார் கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்தேன். அவள் மனநல ஆலோசகராகி, தஞ்சோங் ரம்புத்தான் மருத்துவமனையில் வேலை பார்ப்பதாகக் கேள்விப்பட்டேன். என் வீட்டிலிருந்து அரை மணி நேரத் தூரம். பல தடவை அந்தப் பக்கமாகக் காரில் போயிருக்கிறேன். உள்ளே திரும்பியதில்லை. பன்னிரண்டு வருடங்கள் இப்படியே போயின.

சென்ற வருடம் ஒரு புதன்கிழமை, தெரியாத எண்ணிலிருந்து ஒரு செய்தி வந்தது. 'அப்பா போயிட்டார். நாளைக்குப் பத்து மணிக்கு அடக்கம். வரணும்னு கட்டாயம் இல்ல.' பெயர் போடவில்லை, பாகான் செராய் வீட்டுக்கு வழி காட்டும் வரைபடம் மட்டும் இருந்தது. நான் விடுப்பு எடுத்துக்கொண்டு மறுநாள் காலையிலேயே கிளம்பினேன். கைபேசி காட்டிய வழி என்னை ஒரு வாய்க்கால் கரையில் கொண்டுபோய் நிறுத்தியது. சுற்றிலும் வயல், நாற்று நட்டுத் தண்ணீர் நின்றிருந்தது. விசாரித்து விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தபோது அவள் வாசல் கூடாரத்தில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். இளைத்திருந்தாள். முடியை வெட்டியிருந்தாள்.

"மேப் உன்னையும் வயலுக்குக் கூட்டிட்டுப் போச்சா? எல்லாரையும் அங்கதான் கொண்டுபோய் விடுது" என்றாள். கையிலிருந்த இரண்டு நாற்காலிகளில் ஒன்றை என்னிடம் கொடுத்தாள். நானும் அடுக்கத் தொடங்கினேன்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த சபை அக்கா ஒருவர், நான் மகளோடு படித்தவள் என்று அறிந்ததும் பேச்சுக் கொடுத்தார். அவரிடமிருந்துதான் மற்றது தெரிந்தது. பல வருடங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை பாஸ்டர் மேடையில் நின்று, இனிமேல் அந்தச் சாட்சியைச் சொல்லப்போவதில்லை என்று அறிவித்திருக்கிறார். "மக பொழச்சது நெசம், ஆனா அது அவளோட உயிரு, என்னோட பிரசங்கம் இல்லன்னாரு. நாங்க எல்லாம் முழிச்சோம். கொஞ்சம் குடும்பம் வேற சபைக்குப் போயிட்டாங்க. இவரு மறுபடி லோரி ஓட்டப் போனாரு, வாரத்துக்கு நாலு நாளு. பிரசங்கம் சுருங்கிப் போச்சு தங்கச்சி. ஆனா அதுக்கப்புறம்தான் நல்லா இருந்துச்சு" என்றார் அந்த அக்கா. மகள் ஊருக்கு வரும் ஞாயிறுகளில் சபைக்கு வந்தாலும் வராவிட்டாலும் அவர் ஒன்றும் கேட்கமாட்டாராம். சில ஞாயிறுகளில் வருவாளாம், சிலவற்றில் வீட்டில் சமைத்து வைத்துக் காத்திருப்பாளாம்.

கூட்டம் சேருமுன் அவள் பின்வாசலில் கை கழுவிக்கொண்டிருந்தபோது நான் போய் நின்றேன். பன்னிரண்டு வருடங்களாக மனத்துக்குள் எத்தனையோ விதமாக எழுதிப் பார்த்த வாக்கியங்களில் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

"அன்னிக்கு நான் செஞ்சது தப்பு. மன்னிச்சிடு" என்றேன்.

"தெரியும்." குழாயை மூடினாள். "உன்மேல ரொம்ப நாள் கோபமா இருந்தேன். அப்புறம் அப்பா மேல. அப்புறம் யார்மேலன்னு தெரியல, விட்டுட்டேன்." கையை உதறிக்கொண்டே என்னைப் பார்த்தாள். "எனக்கும் அப்பாவுக்கும் அதுக்கப்புறம்தான் நல்லா ஒத்துப்போச்சு. ஆனா அதுக்காக நீ செஞ்சது நல்லதாயிடாது லா. அதை மட்டும் நெனச்சுக்காத."

"நெனைக்க மாட்டேன்."

"சரி வா, ஆட்கள் வந்துட்டாங்க."

இதை எழுதலாமா என்று இரண்டு மாதங்களுக்கு முன் அவளிடம் கேட்டேன். யோசித்துச் சொல்கிறேன் என்றவள் மூன்று வாரங்கள் கழித்துச் சம்மதித்தாள். எழுதியதை முதலில் அவளுக்குத்தான் அனுப்பினேன். இரண்டு இடங்களை நீக்கச் சொன்னாள், நீக்கிவிட்டேன்.

அடக்கத்தின்போது சபையை இப்போது நடத்தும் இளம் போதகர் வேதத்திலிருந்து வாசித்துவிட்டு, ஒவ்வொருவரும் மௌனமாக அவரவர் உள்ளத்தில் ஜெபிக்கலாம் என்றார். கூட்டம் தலை குனிந்தது. அவள் பெட்டியின் தலைமாட்டில் நின்றிருந்தாள். நான் நின்ற இடத்துக்கு நேர் எதிரே, ஏழெட்டு அடி தூரத்தில். நிமிர்ந்தால் அவளுடைய முகம் முழுதாகத் தெரியும். கண்ணை மூடியிருக்கிறாளா, உதடு அசைகிறதா, வெறுமனே நிற்கிறாளா என்று ஒரு பார்வையில் தெரிந்துவிடும். ஒரு காலத்தில் அதைத் தெரிந்துகொள்ள நான் என்னவெல்லாம் செய்தேன். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. வயல் பக்கமிருந்து காற்று வந்தது. நான் குனிந்து, தரையில் மிதிபட்டுக் கிடந்த ரோஜா இதழ்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். போதகர் ஆமென் சொல்லி, மற்றவர்களும் சொல்லி, ஆட்கள் நகரும் சத்தம் கேட்கும்வரை நான் தலையை நிமிர்த்தவில்லை.